அன்னை தெரசாவின் தொண்டு: அன்பு இருந்த இடத்தில் மருத்துவம் இருந்ததா?

மருதன்:
1994ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ், கொல்கத்தா காளிகாட்டில் இறக்கும் நிலையில் இருப்பவர்களுக்காக அன்னை தெரசா தொடங்கிய நிர்மல் ஹிருதய் இல்லத்தை நேரில் பார்த்துவிட்டு எழுதிய கட்டுரையை, அன்னை தெரசாவைப் போற்றுகிறவர்கள் ஒருமுறையாவது எதிர்கொள்ள வேண்டும். மருத்துவர்கள் அவ்வப்போதுதான் வந்து போனார்கள். குணமாகக்கூடியவரையும் குணமாகாதவரையும் பிரித்தறிய வழியில்லை. வலுவான வலிநிவாரணிகளும் இல்லை. துன்பத்தை இறைவனுக்கு ஒப்புக்கொடுப்பது ஒரு துறவியின் உரிமை. தெருவிலிருந்து தூக்கி வரப்பட்டவர், துறவியரைப் போல இறைவனிடம் எந்த வார்த்தைப்பாடும், அதாவது உறுதிமொழியும், கொடுத்தவர் அல்லவே.

அமலா:
மருதன் அவர்களே, அதே கட்டுரை அங்கிருந்த தூய்மையையும், புண்களைப் பேணிய விதத்தையும், கன்னியரின் அன்பையும் பாராட்டியதை ஏன் விட்டுவிட்டீர்கள்? காளி கோயிலை ஒட்டிய யாத்திரிகர் விடுதியில் 1952இல் அந்த இல்லம் தொடங்கியபோது, மருத்துவமனைகள் சேர்த்துக்கொள்ளாதவர்கள் நடைபாதையிலேயே இறந்துகொண்டிருந்தார்கள். அதை மருத்துவமனையாக எண்ணி அளப்பது சரியல்ல. வலுவான வலிநிவாரணியான மார்ஃபினைப் பொறுத்தவரை, 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, உரிமங்களுக்கு அஞ்சிப் பெரிய மருத்துவமனைகளே அதை வாங்கி வைக்கத் தயங்கின.

வேறோர் ஊரில் கன்னியர் நடத்தும் இல்லமொன்றில் நான் சில மாதங்கள் தொண்டு செய்தேன். வாயைத் திறக்கவே மறுத்த ஒரு பாட்டியின் அருகில் அமர்ந்து, ஓர் அருட்சகோதரி அரைக் கிண்ணம் கஞ்சியை ஊட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒவ்வொரு கரண்டிக்கும் இடையில் பாட்டியின் தாடையைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தார், ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை. ஏழைகளுள் ஏழைகளுக்கு முழுமனத்துடன் இலவசமாகத் தொண்டு செய்வது என்று அன்னையின் சபையினர் கொடுக்கும் நான்காவது வார்த்தைப்பாட்டின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது.

கதிர்:
சட்டம் தடையாக இருந்தது உண்மைதான், அமலா. ஆனால் அதே சட்டத்தின் கீழ்தான் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் அவருடைய நண்பர்களும் 1993இல் கோழிக்கோட்டில் வலி மற்றும் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கான (கடும் நோயாளிகளின் வேதனையைக் குறைக்கும் சிகிச்சைக்கான) அமைப்பைத் தொடங்கி, ஏழை நோயாளிகளுக்கு வாய்வழி மார்ஃபினைக் கொண்டுசேர்த்தார்கள். அதே வேளையில், நோய்த்தணிப்புச் சிகிச்சையையே நாட்டில் பெரும்பாலோர் அறியாத காலத்தின் குறையை ஒரே இல்லத்தின் தலையில் கட்டுவதும் நியாயமாகாது.

மருதன்:
அந்தக் காலத்தின் குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாம் கன்னியாக இருந்த லொரேட்டோ மடத்தை விட்டு 1948இல் வெளியே வந்ததும் அன்னை தெரசா முதலில் செய்தது, பாட்னாவுக்குச் சென்று கன்னியர் நடத்திய மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனிக்கப் பயிற்சி பெற்றதுதான். கைத்திறன் இல்லாத அன்பு போதாது என்பதை உணர்ந்திருந்ததால்தானே அவர் அப்படிச் செய்தார்? 1979இல் நோபல் பரிசு பெற்றபின், உலகின் எந்த மருத்துவரை அழைத்திருந்தாலும் வந்திருப்பார். அமலா சொன்ன அந்த ஒரு மணி நேரப் பொறுமையின் முன் நான் தலை வணங்குகிறேன்; அந்தப் பாட்டிக்குப் புற்றுநோய் இருந்திருந்தால் கஞ்சிக்கு முன் அவருக்கு என்ன கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

அமலா:
மருந்துதான் முதலில் கொடுத்திருக்க வேண்டும். அதில் நான் உங்களோடு முரண்படவில்லை. ஆனால் மருந்து கொடுத்த பிறகும் அந்தக் கஞ்சியை ஊட்ட ஒருவர் அங்கே அமர்ந்திருக்க வேண்டும், மருதன்.