காஸ்ஃபோர்த் சிலுவை: அந்தக் காலில் செருப்பு இருக்கிறதா, இல்லையா?

கல்தச்சன்: "காஸ்ஃபோர்த் சிலுவை முழுக்க முழுக்க வைக்கிங் கல், பாதிரியார்கள் பின்னால் வந்து உரிமை கொண்டாடினார்கள்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. இங்கிலாந்தின் கம்பிரியாவில், புனித மரியாள் கோயில் முற்றத்தில் நிற்கிற கல் அது. பத்தாம் நூற்றாண்டின் முற்பாதி, சுமார் 4.4 மீட்டர் உயரச் செம்மணற்கல். உச்சியில் சிலுவை. கிழக்கு முகத்தில் கை விரித்த இயேசு, ஈட்டியோடு ஒரு வீரன். இதையெல்லாம் செதுக்கிய பிறகு பாதிரியார் வந்து உரிமை கொண்டாட என்ன மிச்சம்?

வடதிசை: எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். அதே கிழக்கு முகத்தில் இயேசுவுக்கு மேலே பாருங்கள். ஒருவன் மிருகத்தின் கீழ்த்தாடையில் காலை ஊன்றி, மேல்தாடையைக் கையால் பிளக்கிறான். வைக்கிங்குகளின் பழைய தேவர்களில் தலைவனான ஓடினின் மகன் வீதார்! தந்தையை விழுங்கிய ஃபென்ரிர் ஓநாயைப் பழிதீர்க்கிறான். மேற்கு முகத்தில் தேவர்களுக்குக் கேடு செய்த வஞ்சகன் லோகி கட்டுண்டு கிடக்கிறான். பாம்பின் நஞ்சு அவன்மேல் சொட்டாமல் மனைவி சிகின் கிண்ணம் ஏந்துகிறாள். இவர்கள் எந்த நற்செய்தியில் வருகிறார்கள்?

கல்தச்சன்: லோகியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலுக்கு வாருங்கள். அந்தத் தேவர் கதைகளை எழுதிவைத்த ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி சொல்லும் கதையில் வீதாரின் காலில் தடித்த செருப்பு உண்டு. மனிதர்கள் செருப்புத் தைக்கும்போது விரல் பக்கமும் குதிகால் பக்கமும் வெட்டி எறிகிற தோல் துண்டுகளைக் காலமெல்லாம் சேர்த்துச் செய்தது. கல்லில் அந்தச் செருப்பு எங்கே? அது இல்லையென்றால் அவன் வீதார்தான் என்று எப்படிச் சொல்வது? 91ஆம் சங்கீதத்தில் வலுசர்ப்பத்தை மிதிப்பவரும் காலால்தான் மிதிக்கிறார்.

வடதிசை: ஸ்னோரி எழுதியது 1220 வாக்கில். கல் அதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டு மூத்தது. செருப்புக்காகக் காலை வெட்டாதீர்கள், ஐயா.

கல்தச்சன்: கிண்ணம் ஏந்திய சிகினும் ஸ்னோரி சொல்கிற கதைதானே? கிண்ணம் வேண்டும், செருப்பு வேண்டாமா?

மழைக்குருவி: ஒரு சந்தேகம். 'வைக்கிங் கல்' என்றால் செதுக்கியவன் வைக்கிங்கா, கதை வைக்கிங்குடையதா, கூலி கொடுத்தவன் வைக்கிங்கா? அதை முதலில் முடிவு செய்துகொண்டால்...

கல்தச்சன்: அதெல்லாம் பிறகு. செருப்பு.

வடதிசை: நான் நேரில் போய்ப் பார்த்தவன். மழையில் நனைந்திருந்தபோது பாதத்தின் முனை தடித்துத் தெரிந்தது.

கல்தச்சன்: ஆயிரம் ஆண்டு மழை தின்ற மணற்கல்லில் பாதம் தடித்தால் செருப்பு. மூக்கு தேய்ந்திருந்தால் முகமூடி என்பீர்கள் போலிருக்கிறது. லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்தேன். வெறுங்கால்.

வடதிசை: அங்கே இருப்பது 1882இல் எடுத்த சுண்ண வார்ப்பு! பிரதியைப் பார்த்துவிட்டா இவ்வளவு பேச்சு?

கல்தச்சன்: வார்ப்பு எடுத்த நாளிலிருந்து உங்கள் கல் நூற்று நாற்பது ஆண்டு மழையில் நின்றிருக்கிறது. என் பிரதி கூரைக்குள் இருக்கிறது. எது தெளிவாக இருக்கும்?

பழைய ஏடு: இந்தக் கல்தச்சன்தான் சென்ற மாதம், அதே கோயிலில் உள்ள பன்றிமுதுகுக் கற்கள் இரண்டையும் 'வீடு' என்றவர். அவை கல்லறைக் கற்கள் என்று நான் சொன்னதற்கு இன்றுவரை பதில் இல்லை.

கல்தச்சன்: வீட்டு வடிவம் என்றேன். கூரை போல வளைந்த முதுகைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். உங்களுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டிய வயது.

பழைய ஏடு: வயதை இழுப்பது உங்கள் வழக்கம்தான்.

மழைக்குருவி: இயேசுவுக்குக் கீழே பின்னலும் நீள ஆடையுமாக ஒரு பெண் நிற்கிறாளே. கையில் இருப்பது சிமிழ் என்றால் மகதலேனா மரியாள், மதுக்கொம்பு என்றால் ஓடினின் போர்க்கன்னியான வால்கிரி. சிற்பி இரண்டையும் தெரிந்தே கலந்திருக்கலாம் அல்லவா? தேவர்கள் மடிகிற கதையையும் இயேசு மரித்த கதையையும் ஒரே கல்லில்...

கல்தச்சன்: நடுநிலை நாயகரே, வீதாரின் காலைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு மரியாளிடம் போங்கள்.

வடதிசை: தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் காலைப் பற்றி யார் பேசுவது? வரும் கோடையில் மறுபடியும் போகிறேன். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் படம் எடுத்துப் போடுகிறேன்.

கல்தச்சன்: போடுங்கள். மிருகத்தின் வாயில் இருக்கிற காலை மட்டும் எடுத்து வராதீர்கள். மற்றக் காலையும் எடுங்கள். அதுவும் தடித்திருக்கிறதா என்று பார்ப்போம்.