ராத்திரி எட்டு மணிக்கு மேல் மதுரையில் பாட்டும் சாப்பாடும்

திருமங்கலத்தான்:
சனிக்கிழமை மச்சான் சென்னையிலிருந்து வருகிறார். பாட்டுக் கிறுக்கர். ரயில் வந்து சேரவே எட்டு மணி ஆகிவிடும். அதற்கு மேல் எங்கே கூட்டிப் போகலாம்? போன தடவை ஒரு ஏசி ஓட்டலில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்து ஆறிப்போன பரோட்டாவைப் போட்டார்கள். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

சிம்மக்கல்வாசி:
அண்ணே, நேராகக் கோயிலுக்கு வாங்க. செல்போனை வெளியே கொடுத்துவிடணும். பள்ளியறை பூஜைக்குச் சொக்கநாதர் மேளத்தோடு மீனாட்சி சன்னதிக்குப் பல்லக்கில் வருவார். எனக்கு அதைவிடப் பெரிய கச்சேரி கிடையாது. அப்புறம் அனுமந்தராயன் கோயில் தெரு. 1916இல் எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்த வீடு. முகப்பில் வீணை இருக்கும். அங்கே மச்சானை நிறுத்திவிட்டால் கிளப்புவதுதான் கஷ்டம்.

பசித்தால் சிம்மக்கல் கோனார் கடை கறி தோசை. அடியில் தடித்த தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி. திருப்பிப் போட்டால் கறி கல்லில் பட்டு ஓரம் முறுகும். ஆளுக்கு ஒன்றுதான் சொல்லுங்க, இரண்டாவது இறங்காது.

விளக்குத்தூண் ராஜா:
ஜிகர்தண்டாவை விட்டுட்டீங்களே தம்பி! பாதாம் பிசின், நன்னாரி, சுண்டக் காய்ச்சிய பால். தோசைக்கு முன்னாடி மட்டும் வேண்டாம்.

திருமங்கலத்தான்:
சரி, மச்சான் சைவம் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

சிம்மக்கல்வாசி:
போச்சு! இட்லியும் நாலு சட்னியும்தான்.