‘பிளாக் டைம்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

விமானப் பயணம் பற்றி எழுதும்போது ‘ஏர் டைம்’, ‘பிளாக் டைம்’ இரண்டையும் ‘பயண நேரம்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். இரண்டும் வேறு. ஓடுபாதையை விட்டு எழும்பியது முதல் மீண்டும் தரை தொடும் வரை ஏர் டைம். நிறுத்துமிடத்தை விட்டு நகரத் தொடங்கியது முதல், போய்ச் சேரும் ஊரின் நிறுத்துமிடத்தில் ஓய்ந்து நிற்கும் வரை பிளாக் டைம். கால அட்டவணை காட்டுவது இரண்டாவதைத்தான். சிங்கப்பூர் – நியூயார்க் கென்னடி விமானத்துக்கு 18 மணி நேரத்துக்கு மேல் என்கிறார்களே, அதில் ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும் வரிசையில் காத்திருப்பதும் அடக்கம்.

முதலாவதற்குப் ‘பறப்பு நேரம்’ போதும். இரண்டாவதற்கு ஐயா முன்மொழிந்த ‘கட்டை நேரம்’ எனக்கு ஒட்டவில்லை. பிளாக் என்பது சக்கரத்துக்கு வைக்கும் முட்டுக்கட்டைதான், பொருளில் பிழையில்லை. ஆனால் கேட்பவருக்கு எதிலிருந்து எதுவரை என்பது விளங்காது. அந்த முட்டுக்கட்டையே எனக்குத் தேரை நினைவூட்டியது. தேர் நிற்கும் இடம் நிலை. ஆழித்தேர் வீதி சுற்றி முடித்தால் ‘நிலைக்கு வந்தது’ என்பார்கள் திருவாரூரில். விமானம் நிற்குமிடத்தையும் ஸ்டாண்ட் என்றுதானே சொல்கிறார்கள்! ஒரு நிலையை விட்டு மறுநிலை சேரும் வரை ஆவது ‘நிலையிடை நேரம்’.

இரண்டு ஊர்களுக்கு இடையிலான தூரத்துக்கு ‘நேர்க்கோட்டுத் தூரம்’ கூடாது. நேர்க்கோடு பூமியைத் துளைத்துக்கொண்டு போகும். உருண்டையின் மேற்பரப்பை ஒட்டிய மிகக் குறுகிய வழியைப் ‘பெருவட்டத் தூரம்’ என்போம். சிங்கப்பூர் 104° கிழக்கு, நியூயார்க் 74° மேற்கு. ஏறக்குறைய எதிரெதிர் நெட்டாங்குகள். உலக உருண்டையில் நூல் பிடித்தால் அது வட துருவத்தை ஒட்டிப் போகும். அகலாங்குகள் 1.4°, 40.6°, இரண்டையும் 180-இல் கழித்தால் 138 பாகை. பாகைக்கு 111 கி.மீ. வீதம் சுமார் 15,300 கி.மீ. ஆனால் நியூயார்க் போகும் விமானம் பெரும்பாலும் பசிபிக் மேலாகச் சுற்றிப் போகிறது. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் மேல்வான் காற்று பின்னிருந்து தள்ளுவதால் தூரம் கூடினாலும் நேரம் மிச்சம். அதனால் ‘பறந்த தூரம்’ என்று இன்னொரு சொல்லும் தனியே வேண்டும்.

மறுமொழி:

அம்மா, கட்டையை விட்டுவிட்டேன். நிலை நல்ல சொல். ஆனால் ‘நிலையிடை’ என்றால் இரண்டு பறப்புகளுக்கு நடுவே விமானம் நிலையில் நிற்கும் நேரம் என்று தோன்றாதா? ‘நிலைசேர் நேரம்’ எப்படி?

மறுமொழி:

ஐயா, தோன்றத்தான் செய்யும், அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் ‘நிலைசேர் நேரம்’ என்றால் வந்து சேரும் மணியைச் சொல்வதாகிவிடுமே. நடுவே நிற்பதற்கு ‘நிலைத்தங்கல்’ என்று தனிச்சொல் கொடுத்துவிட்டால் நிலையிடையில் குழப்பம் தீரும் என நினைக்கிறேன். சம்மதமானால் இரண்டையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றிவிடலாம்.