விலை இறங்கும் காலத்தில் ரொறன்ரோவில் முதல் வீடு வாங்கலாமா?

முதல்வீடு எழுதியது:

வணக்கம். நானும் மனைவியும் எட்டு ஆண்டுகளாக ஸ்காபரோவில் ஒரு பழைய அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறோம். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். இருவரது சம்பளமும் சேர்ந்து ஆண்டுக்கு 165,000 டொலர் வருகிறது. முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்குகள், ஆர்ஆர்எஸ்பி என்ற ஓய்வூதியச் சேமிப்பு, வங்கியில் உள்ளது எல்லாவற்றையும் கூட்டினால் 150,000 டொலர் இருக்கும். அதில் 20,000 டொலர் தை மாதம் எடுக்கவேண்டிய சீட்டுக்காசு.

2022 பெப்ரவரியில் ரொறன்ரோ பெரும்பாகத்தின் சராசரி வீட்டு விலை 1,334,000 டொலரைத் தொட்டபோது, நாங்கள் மூன்று வீடுகளுக்கு விலை கொடுத்துப் பார்த்தோம்; ஒவ்வொரு முறையும் வேறொருவர் கூடக் கொடுத்து வாங்கினார். இப்போது, 2025 இலையுதிர் காலத்தில், சராசரி 1,050,000 அளவுக்கு வந்திருக்கிறது. கனடா வங்கியின் வட்டியும் 5 வீதத்திலிருந்து 2.25 வீதத்துக்கு இறங்கிவிட்டது. ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள அஜக்ஸில் 850,000 டொலருக்கு ஒரு டவுன்ஹவுஸ் (வரிசை வீடு) பார்த்தோம். நான்கு மாதமாக விற்காமல் இருக்கிறது. இரண்டு முறை விலை குறைத்திருக்கிறார்கள்.

விலை இதற்குமேல் இறங்காது, இப்போதே வாங்கு என்கிறார் மாமா. இன்னும் இரண்டு ஆண்டு பொறு என்கிறார் என்னுடன் வேலை செய்பவர். மைத்துனரோ, நகர மையத்தில் கட்டி முடியும் நிலையில் உள்ள ஒரு கொண்டோவின் (சொந்தமாக வாங்கும் அடுக்குமாடி வீட்டின்) ஒப்பந்தத்தை ஒருவர் நட்டத்துக்குக் கைமாற்றுகிறார், அதை எடுத்து வாடகைக்கு விடு என்கிறார். எங்கள் வாடகை ஒப்பந்தம் மாசியோடு முடிவதால் அதற்குள் ஒரு முடிவுக்கு வரவேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்வீர்களா?

பழையகுடி எழுதியது:

தம்பி, விலை இதற்குமேல் இறங்காது என்று சொல்பவர்களின் பேச்சை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். 1989இல் இந்த நகரத்தின் சராசரி விலை 273,000 டொலர். அந்த ஆண்டின் வசந்த காலத்தில் நான் ஒரு வீட்டை வாங்கினேன்; என்னோடு அதே தொழிற்சாலையில் வேலை செய்த நண்பர் இரண்டு தெரு தள்ளி இன்னொன்றை வாங்கினார். அடுத்த ஆண்டே விலை சரியத் தொடங்கியது. 1991இலும் 1993இலும், இனி ஏறும் என்று நம்பிக்கையோடு சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் 1996இல் சராசரி 198,000 டொலருக்கு வந்து நின்றது. பழைய 1989 விலையை மீண்டும் எட்ட 2002 ஆகிவிட்டது. பதின்மூன்று ஆண்டுகள், தம்பி. அதுவும் இடைப்பட்ட காலத்துப் பணவீக்கத்தைக் கணக்கில் எடுக்காமல்.

நாங்கள் வாங்கிய சமயத்தில் ஐந்தாண்டுக் கடனின் வட்டி 12 வீத அளவில் இருந்தது. 1990இல் 13 வீதத்தையும் தாண்டியது. பிறகு தொழிற்சாலை மூடப்பட்டு இருவருக்கும் வேலை போயிற்று. நான் நிலக்கீழ்ப் பகுதியை ஊரிலிருந்து புதிதாக வந்த இரண்டு பெடியன்களுக்கு வாடகைக்குக் கொடுத்தேன். மனைவி தையல் வேலைக்குப் போனார். நான் இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தேன். நண்பரின் வீட்டில் அப்படி வாடகைக்குக் கொடுக்க இடமில்லை; மூன்றாவது பிள்ளையும் அப்போதுதான் பிறந்திருந்தது. தவணைகளைக் கட்டமுடியாமல் 1993இல் விற்றார். விற்ற காசு வங்கிக் கடனுக்கே போதவில்லை. மிச்சத்தைக் கட்ட அவருக்கு ஆறு ஆண்டு பிடித்தது. நான் அந்த வீட்டில்தான் இன்றும் இருக்கிறேன். இருவரும் ஒரே விலையில், ஒரே காலத்தில் வாங்கியவர்கள். விலை இருவருக்கும் ஒரேயளவுதான் இறங்கியது. ஆனால் விழுந்த நேரத்தில் விற்கவேண்டிய நிலை அவருக்கு மட்டுமே வந்தது.

ஆகவே விலை இன்னும் எவ்வளவு இறங்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் இருவரில் ஒருவருக்கு வேலை போனால் எத்தனை மாதம் தவணை கட்டமுடியும் என்பதை இன்றிரவே மனைவியோடு இருந்து கணக்குப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஐயா சொன்னதை உங்கள் அஜக்ஸ் வீட்டுக்கே பொருத்திப் பார்க்கிறேன். நான் அடமானக் கடன் துறையில் பல ஆண்டுகள் வேலை செய்தவள்.

850,000 டொலர் வீட்டுக்கு 15 வீதம் முற்பணம் என்றால் 127,500. இது 20 வீதத்துக்குக் குறைவு என்பதால் நீங்கள் கட்டத் தவறினால் வங்கியைக் காக்கும் கடன் காப்புறுதி கட்டாயம். அதன் கட்டணம் கடனில் 2.8 வீதம், அதாவது 20,230 டொலர். அது கடனோடு சேர்வதால் மொத்தக் கடன் 742,730 ஆகிறது. வட்டி 4 வீதம், கடன்காலம் 25 ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 3,900 டொலர். ஆனால் அதைவிட 2 வீதம் கூடிய வட்டியிலும் உங்களால் கட்டமுடியுமா என்று வங்கி பார்க்கவேண்டும். 6 வீதத்தில் அது 4,750 டொலராகிறது. சொத்து வரியையும் வெப்பமூட்டும் செலவையும் சேர்த்தால், உங்கள் வருமானத்தில் வீட்டுச் செலவுக்கு அனுமதிக்கப்படும் 39 வீத எல்லையை ஏறத்தாழ முட்டிவிடுவீர்கள். முற்பணத்தை 10 வீதமாகக் குறைத்தால், 25 ஆண்டுக் கடனில் வங்கியின் அந்தத் தேர்வில் தேற மாட்டீர்கள்.

இனி விலை இன்னும் 10 வீதம் இறங்கி, ஏதோ காரணத்தால் ஓராண்டில் விற்கவேண்டி வருகிறது என்று வைப்போம். வீடு 765,000 டொலருக்குப் போகும். 5 வீதத் தரகும் அதன்மேல் எச்எஸ்ரி என்ற விற்பனை வரியும் கழித்தால் 722,000 கூடக் கையில் வராது. அப்போது கடனில் மிச்சம் 725,000 அளவில் நிற்கும். 127,500 டொலரில் ஒரு சதமும் திரும்பாது. மாறாக, பத்து ஆண்டு அங்கேயே குடியிருந்தால் இந்த 10 வீதம் உங்களைத் தொடாமலே போகக்கூடும். எனவே இந்த வீட்டுக்குள் நெருக்கிப் பிடித்து நுழைவதை நான் விரும்பவில்லை. 740,000, 750,000 அளவில் தேடுங்கள்; இந்தச் சந்தையில் அது கிடைக்காத ஒன்றல்ல.

இன்னும் மூன்று விடயங்கள் உள்ளன. சீட்டுக்காசை எடுத்தவுடன் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். முற்பணம் எங்கிருந்து வந்தது என்று 90 நாள் கணக்கறிக்கையைக் கேட்பார்கள். திடீரென நுழைந்த 20,000 டொலருக்கு எழுத்து ஆதாரம் இல்லாமல் கடைசி வாரத்தில் தவித்த குடும்பங்கள் பலவற்றை எனக்குத் தெரியும். அடுத்தது நிலமாற்ற வரி. 850,000 டொலருக்கு மாகாண வரி 13,475. முதல்முறை வாங்குபவருக்கு அதில் 4,000 தள்ளுபடி. அதே விலையில் ஸ்காபரோவில் வாங்கினால் ரொறன்ரோ நகர வரி இன்னொரு 13,475, தள்ளுபடி 4,475. ஸ்ரீல்ஸ் வீதியைக் கடந்து மார்க்கத்துக்குப் போனாலோ, கிழக்கே பிக்கரிங், அஜக்ஸ் போனாலோ இந்த இரண்டாவது வரி இல்லை.

மூன்றாவதை நம்மவர்கள் பலர் கவனிப்பதில்லை. இந்தத் தள்ளுபடிகளைப் பெற, உலகில் எங்குமே உங்களுக்கு வீடு இருந்திருக்கக் கூடாது. உங்களைத் திருமணம் செய்திருந்த காலத்தில் மனைவிக்கும் இருந்திருக்கக் கூடாது. ஊரில் சீதனமாக எழுதிய வீடு ஏதும் உண்டா?

முதல்வீடு எழுதியது:

அக்கா, மிக்க நன்றி. கேட்டது நல்லதாயிற்று. மனைவியின் தகப்பனார் காலமானபின் யாழ்ப்பாணத்தில் உரும்பிராயில் உள்ள வீட்டில் மூன்று சகோதரிகளுக்கும் பங்கு வந்தது. அதில் மனைவியின் தங்கை குடும்பம் இருக்கிறது. நாங்கள் அதை எங்கள் வீடு என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அதுவும் கணக்கில் வருமா? எங்கள் சேமிப்புக் கணக்குகளும் பாதிக்கப்படுமா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

மரபுரிமையாக வந்த பங்கும் வீட்டுரிமைதான். அந்த வீட்டின் உறுதிப் பத்திரத்தை வழக்கறிஞரிடம் முதலிலேயே காட்டுங்கள். மறைத்துக் கையெழுத்து வைக்கவேண்டாம். தள்ளுபடி இல்லை என்றே வைத்து அந்த 4,000 டொலரை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். சேமிப்புக் கணக்குகளுக்கான விதி வேறு. அங்கே, அண்மைய ஆண்டுகளில் சொந்த வீட்டில் குடியிருந்தீர்களா என்பதே கேள்வி. நீங்கள் வாடகையில்தான் இருந்திருக்கிறீர்கள்.

பதினேழாம்மாடி எழுதியது:

மைத்துனர் சொல்லும் கொண்டோவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அந்த வழியில் நான் போய்விட்டேன். 2021இல், கட்டிடம் எழும்புவதற்கு முன்பே, 720,000 டொலருக்கு ஒரு கொண்டோவுக்கு ஒப்பந்தம் செய்து 144,000 வைப்புப் பணம் கட்டினேன். இந்த ஆண்டு திறப்பைத் தரும் நேரத்தில் வங்கியின் மதிப்பீடு 590,000 என்று வந்தது. வங்கி மதிப்பீட்டில் 80 வீதம்தான் கடன் தரும். ஒப்பந்த விலையை அது பார்ப்பதில்லை. கிடைத்தது 472,000. மிச்சம் 104,000 டொலரை நான் ரொக்கமாகத் தேடவேண்டி வந்தது. விலகியிருந்தால் வைப்புப் பணம் போவதோடு, விலை வித்தியாசத்துக்கும் வழக்கு வரும் என்று வழக்கறிஞர் சொன்னார். தமக்கையின் வீட்டின்மேல் கடன் எடுத்துத்தான் முடித்தேன். அவரிடம் போய்க் கேட்ட அந்த மாலையை இன்னும் மறக்க முடியவில்லை.

நட்டத்துக்குத் தருகிறார்கள் என்றால், எந்த விலையோடு ஒப்பிட்டு நட்டம் என்று கேளுங்கள். அவர்கள் 2021 விலையோடு ஒப்பிடுகிறார்கள். வங்கி இன்றைய விலையைப் பார்க்கிறது. உங்களுக்குக் குடியிருக்க வீடு வேண்டும். அந்தக் கொண்டோவில் இரண்டு பிள்ளைகளோடு நீங்கள் இருக்கப்போவதில்லை.

பழையகுடி எழுதியது:

தம்பி, ஒன்று விட்டுப்போயிற்று. ஒப்பந்தம் மாசியில் முடிகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஒன்ராறியோவில் ஒப்பந்தக் காலம் முடிந்ததற்காக உங்களை எழும்பச் சொல்ல முடியாது. அது தானாகவே மாதத்துக்கு மாதம் தொடரும். உங்கள் கட்டிடம் 2018 நவம்பருக்கு முன்பே குடியிருப்பில் இருந்ததால், 2026இல் வாடகையை 2.1 வீதத்துக்குமேல் கூட்டவும் வழமையாக முடியாது. வீடு கிடைத்தபின் 60 நாள் அறிவித்தல் கொடுத்தால் போதும். மாசி உங்களைத் துரத்தவில்லை.

2022இல் வீட்டைப் பரிசோதிக்காமல், கடன் உறுதியாகாமல், ஒரு நிபந்தனையும் போடாமல் எழுதிக் கொடுத்தால்தான் விற்பவர் திரும்பிப் பார்த்தார். இன்று அந்த நிபந்தனைகளை எல்லாம் நீங்கள் போடலாம். நான்கு மாதமாக விற்காத வீட்டுக்காரர் அவை நிறைவேற ஐந்து நாள் பொறுப்பார்.

முதல்வீடு எழுதியது:

ஐயா, மாசி பற்றிய பயம்தான் எங்களை இவ்வளவு அவசரப்படுத்தியிருக்கிறது என்பது இப்போதுதான் புரிகிறது. கொண்டோ வேண்டாம் என்று மைத்துனரிடம் சொல்லிவிட்டேன். அவருக்குச் சற்று மனவருத்தம். நேற்றிரவு இருவரும் கணக்குப் பார்த்தோம். என் வேலை போனால், 850,000 டொலர் வீட்டில் எங்களால் இரண்டு மாதம்தான் தாங்கமுடியும். 740,000இல் முற்பணத்தை அதே 15 வீதத்தோடு நிறுத்தி மிச்சத்தைக் கையில் வைத்திருந்தால் ஏழு மாதம். அஜக்ஸ் வீட்டை விட்டுவிட்டோம். சனிக்கிழமை பிக்கரிங்கில் 749,000 டொலருக்கு உள்ள ஒரு வீட்டைப் பார்க்கப் போகிறோம். உரும்பிராய் உறுதியின் பிரதியை அனுப்பச் சொல்லி மனைவி தங்கையிடம் கேட்டிருக்கிறார்.