தொடை எலும்பு முறிவு: இரத்தக் கட்டியைத் தடுக்க ஆஸ்பிரின் மட்டும் போதுமா?

கேள்வி:
வணக்கம். இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த என் அம்மாவுக்கு (வயது 61) சென்ற வாரம் கம்பி பொருத்தி அறுவை சிகிச்சை செய்தார்கள். மருத்துவமனையில் இருந்தவரை இரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி போட்டவர்கள், வீட்டுக்கு அனுப்பும்போது அதை நிறுத்திவிட்டு ஆஸ்பிரின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதே முறிவுக்கு உறவினர் ஒருவருக்கு ஒரு மாதம் ஊசியே தொடர்ந்ததால், அம்மாவுக்குப் பாதுகாப்புக் குறைந்த மருந்தைத் தந்துவிட்டார்களோ என்று அஞ்சுகிறேன்.

மறுமொழி 1 (எலும்பு மருத்துவர்):
உங்கள் அச்சம் நியாயமானதுதான், ஆனால் ஆஸ்பிரின் ஆராயாமல் தரப்படும் மருந்து அன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 21 விபத்துச் சிகிச்சை மையங்களில், கை கால் முறிவுக்கு அறுவை சிகிச்சை பெற்றவர்களும் இடுப்பெலும்பு முறிந்தவர்களுமாக 12,211 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2023இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் 81 மி.கி. ஆஸ்பிரினும், மற்றவர்கள் இரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்ஸபாரின் ஊசி 30 மி.கி.யும், நாளுக்கு இரு வேளை பெற்றனர். 90 நாட்களுக்குள் இறந்தோர் முறையே 0.78, 0.73 சதவீதம், நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்தது இரு பிரிவிலும் 1.49 சதவீதம். காலின் ஆழ்சிரைகளில் (தசைகளுக்குள் ஆழத்தில் ஓடும் இரத்த நாளங்களில்) உண்டான கட்டி மட்டும் ஆஸ்பிரின் பிரிவில் சற்றுக் கூடுதல்: அதில் 2.51 சதவீதம், ஊசிப் பிரிவில் 1.71. அந்தக் கூடுதலும் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான்.

மறுமொழி 2 (பொது மருத்துவர்):
மேலே சொன்னதை ஏற்கிறேன். எனினும் அந்த ஆய்வில் பங்கேற்றோரின் சராசரி வயது ஏறக்குறைய 45 என்பதையும், அண்மையில் இரத்தக் கட்டி வந்தவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று சிகிச்சை பெற்றவர்களிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2022இல் வெளியான ஆய்விலோ, அறிகுறியுடன் கூடிய கட்டி ஆஸ்பிரின் பிரிவில் 3.45 சதவீதமாகவும் ஊசிப் பிரிவில் 1.82 சதவீதமாகவும் இருந்தது. அது வேறு வகை நோயாளிகள் என்றாலும், மருந்து ஆளுக்கு ஆள் மாறுவது ஏன் என்பதை அது காட்டுகிறது. அம்மாவுக்கு முன்பு இரத்தக் கட்டி வந்ததுண்டா, புற்றுநோய் உண்டா, இரைப்பைப் புண் உண்டா, எத்தனை நாள் படுக்கையில் இருக்க நேரும் என்பவற்றைச் சொல்லி, மாத்திரையை எத்தனை வாரம் தொடர வேண்டும் என்று அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள். நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

மறுமொழி 3 (செவிலியர்):
மருந்து எதுவானாலும், அசையாத காலில் இரத்தம் தேங்கும். அதனால் மருத்துவர் அனுமதித்த அளவுக்குக் கணுக்காலை மேலும் கீழும் அடிக்கடி அசைக்கச் செய்யுங்கள், விரைவில் எழுந்து நடக்கத் துணை நில்லுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால், பலரும் செய்வதுபோல் எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள்; உள்ளே கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். திடீர் மூச்சுத் திணறலோ, நெஞ்சு வலியோ, இருமலில் இரத்தமோ வந்தால் விடியும்வரை காத்திராமல் 108க்கு அழையுங்கள்.