வீட்டு இணையத் தரவு எங்கே போகிறது: நாங்கள் அளந்து பார்த்த அனுபவங்கள்

செந்தூலிலிருந்து

கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் பழைய அடுக்குமாடிக்கு இன்னும் ஃபைபர் இணைப்பு வரவில்லை; சிம் அட்டை போட்டு இயங்கும் ரவுட்டர்தான் எங்கள் வீட்டுக்கு இணையம் தருகிறது. மாதம் 300 ஜிபி வரை முழு வேகம் கிடைக்கும், அதைத் தாண்டினால் காணொளிகூடத் திறக்காத அளவுக்கு வேகம் குறைந்துவிடும். தொடர்ந்து மூன்று மாதங்கள் 19ஆம் தேதி வாக்கிலேயே அந்த 300 ஜிபியும் தீர்ந்துபோனது.

யார் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக முதலில் மடிக்கணினியில் கிளாஸ்வயரை நிறுவினேன். எந்தச் செயலி எவ்வளவு தரவை இழுக்கிறது என்பதை வரைபடமாகக் காட்டும் நல்ல மென்பொருள் அது; ஆனால் எந்தக் கணினியில் நிறுவுகிறோமோ அதன் கணக்கை மட்டுமே சொல்லும் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. 19 நாளில் மடிக்கணினி இழுத்தது 26 ஜிபி. என் கணவருடைய ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் வைஃபை பயன்பாடு 23 ஜிபி என்றும், என்னுடையதில் 18 ஜிபி என்றும் இருந்தது. மொத்தம் 67. மீதி 233 ஜிபி எங்கே போனது?

எஞ்சியிருந்தது மகளின் ஐபோன். சிம் அட்டை வழியாகச் செல்லும் தரவைத்தான் ஐபோன் செயலிவாரியாகக் கணக்கு வைக்கிறதே தவிர, வைஃபை வழியாகச் செல்வதை அந்தப் பக்கத்தில் காட்டுவதில்லை. கணக்குக் காட்ட வழியில்லாத கருவியின் மேல் பழி விழுந்தது. எஸ்பிஎம் என்ற, மலேசியாவின் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையிடமிருந்து தினமும் இரவு 10 மணிக்குக் கைப்பேசியை வாங்கி அலமாரியில் வைத்தோம். “நான் அவ்வளவு பார்க்கலம்மா” என்று அவள் சொன்னதை நான் நம்பவில்லை. அது இன்றும் எனக்கு வலிக்கிறது.

தீபாவளிக்கு வந்த என் தம்பிதான், “ஒவ்வொரு குழாயாப் போய் அளந்தா கணக்கு வராதுக்கா, தண்ணி மீட்டர் மாதிரி வாசல்ல அளக்கணும்” என்றான். தன்னிடமிருந்த பழைய ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இயங்குதளத்தை ஏற்றி, அதில் என்எல்பிடபிள்யூமான் என்ற அளவியையும் சேர்த்து, சிம் ரவுட்டரோடு ஒரு கம்பியால் இணைத்தான். பிறகு சிம் ரவுட்டரின் வைஃபையை அணைத்துவிட்டு எல்லாக் கருவிகளையும் புதியதில் சேர்த்தோம். எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்பதை அந்த அளவி சொல்வதில்லை; எந்தக் கருவி எவ்வளவு பதிவிறக்கியது, எவ்வளவு பதிவேற்றியது என்பதைச் சொல்கிறது. எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

மறுநாள் மாலை அந்தப் பட்டியலைத் திறந்தபோது ஒரே ஒரு வரி தலைகீழாக இருந்தது. மற்ற கருவிகளிலெல்லாம் பதிவிறக்கம் பெரிதாகவும் பதிவேற்றம் சிறிதாகவும் இருக்க, அந்த வரியில் மட்டும் பதிவிறக்கம் கால் ஜிபி, பதிவேற்றம் 10.8 ஜிபி. அது வாசல் கிரில் கதவுக்கு மேலே நாங்கள் மாட்டிய கண்காணிப்புக் கேமரா. மூன்று மாதங்களுக்கு முன் மாட்டியபோது, நாள் முழுவதும் மேகச் சேமிப்புக்கு, அதாவது இணையவழிச் சேமிப்பிடத்துக்கு, பதிவை அனுப்பும் வசதி இயக்கத்தில் இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. நொடிக்கு 1 மெகாபிட் என்பது மிகச் சிறிய வேகமாகத்தான் தோன்றும். இடைவிடாமல் 24 மணி நேரம் ஓடினால் அதுவே 10.8 ஜிபி. 19 நாளுக்குப் பெருக்கினால் 205 ஜிபி. அப்படியானால் மகளின் பங்கு வெறும் 28 ஜிபிதான். பதிவுகளை நினைவக அட்டையில் சேமிக்கும்படியும், அசைவு தெரிந்தால் மட்டும் மேகத்துக்கு அனுப்பும்படியும் அன்றிரவே மாற்றினோம்.

பட்டர்வொர்த்திலிருந்து

செந்தூல் சகோதரி எழுதியதைப் படித்ததும் என் அனுபவத்தையும் சொல்லத் தோன்றியது. எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு இருப்பதால் அளவுக் கட்டுப்பாடு கிடையாது. ஆனாலும் என் மனைவி மாலையில் இணையவழி டியூஷன் நடத்துவதால், எந்த நேரத்தில் எவ்வளவு போக்குவரத்து ஓடுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆகவே, ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் தெரியும் ‘பெறப்பட்ட பைட்டுகள்’ என்ற எண்ணை ஒவ்வோர் இரவும் நோட்டில் குறித்து வைத்தேன். கூடிக்கொண்டே போக வேண்டிய அந்த எண் நான்காம் நாள் முந்தைய நாளைவிடக் குறைந்திருந்தது. ரவுட்டரை யாரும் அணைக்கவில்லை.

பழைய ரவுட்டர்கள் சில 32 பிட் எண்ணியை வைத்திருக்கின்றன என்பது பிறகுதான் புரிந்தது. அது 4,294,967,295 வரை எண்ணும். அடுத்த பைட்டில் மீண்டும் பூச்சியத்துக்கே வந்துவிடும். அதாவது சுமார் 4.3 ஜிபிக்கு ஒரு சுற்று. நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் ஆறு நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும் என்னும்போது, நாளுக்கு ஒருமுறை குறித்த என் எண்களுக்கு எந்தப் பொருளும் இல்லை. ஆகவே கருவியைத் தேர்ந்தெடுப்பவர்கள் 64 பிட் எண்ணி உள்ளதா என்று முதலில் பாருங்கள். நான் இப்போது விஎன்ஸ்டாட் என்ற அளவியைப் பயன்படுத்துகிறேன். கருவிவாரியாக அது பிரித்துக் காட்டாது. மணி, நாள், மாதம் என்று மொத்தக் கணக்கை ஒழுங்காக வைத்துக்கொள்ளும். எனக்கு அது போதும்.

சகோதரிக்கு ஓர் எச்சரிக்கை. தனியாக மாற்றி அமைக்காவிட்டால் என்எல்பிடபிள்யூமான் தன் கணக்கைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைக்கிறது. இடி மழையில் மின்சாரம் போனால் மாதக் கணக்கு முழுவதும் அழிந்துவிடும். ஒரு யூஎஸ்பி விரலியை (பென் டிரைவ்) செருகிச் சேமிப்பிடத்தை அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து

என் வீட்டு அளவியின் பட்டியலில் ஒரே கைப்பேசி இரண்டு பெயரில் வந்தது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10இலிருந்தும், 2020இல் வந்த ஐஓஎஸ் 14இலிருந்தும், கைப்பேசிகள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு தனி மேக் (MAC) முகவரியை, அதாவது கருவியை அடையாளம் காட்டும் எண்ணை, காட்டுகின்றன, நான் ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரு வைஃபை அலைவரிசைகளுக்கும் வெவ்வேறு பெயர் வைத்திருந்ததால் கணக்கு இரண்டாகப் பிரிந்துபோனது. இதற்கு நேர்மாறான குழப்பத்தை, வைஃபையை எட்டாத அறைகளுக்கு நீட்டிக்கும் ரிப்பீட்டர் செய்யும்: அதன் பின்னாலிருக்கும் கருவிகள் பலவும் ஒரே கருவியாகத் தெரியக்கூடும். ஒருவர் மேல் குற்றம் சொல்வதற்கு முன் இந்த இரண்டையும் சரிபார்த்துவிடுவது நல்லது.

ரவுட்டரில் ‘வன்பொருள் ஆஃப்லோடிங்’ என்ற வேகமூட்டும் வசதி இயக்கத்தில் இருந்தால், போக்குவரத்தில் பெரும்பகுதி அளவியின் கண்ணில் படாமலே போய்விடும். அதையும் அணைத்து வையுங்கள்.

மீண்டும் செந்தூலிலிருந்து

இருவருக்கும் மிக்க நன்றி. யூஎஸ்பி விரலியைச் செருகிவிட்டோம். ஆஃப்லோடிங் ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. இந்த மாதம் 30ஆம் தேதி இரவு எங்கள் அளவி 152 ஜிபி காட்டியது, இணைய நிறுவனத்தின் செயலி 163 ஜிபி காட்டியது. என் தம்பி விளக்கிய பிறகுதான் இந்த வேறுபாட்டின் காரணம் புரிந்தது: பைட்டுகளை கேபி, எம்பி, ஜிபி என்று மாற்றும் ஒவ்வொரு படியிலும் எங்கள் அளவி 1024ஆல் வகுக்கிறது, நிறுவனம் 1000ஆல் வகுக்கிறது; 152ஐ அவர்கள் முறைக்கு மாற்றினால் ஏறத்தாழ அதே 163 வருகிறது. மகளின் கைப்பேசி இப்போது அவள் அறையிலேயே இருக்கிறது. பட்டியலைத் திறந்து கேமராவின் வரியை அவளிடம் காட்டி, நானும் அவள் அப்பாவும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.