சிலிண்டர் ஹெட்: 'புதுப்பித்தல்' வேண்டாம், 'அளவுமீட்பு' சரியாக வருமா?

அனைவருக்கும் வணக்கம்.

எஞ்சின் சிலிண்டர்களை மேலே மூடும் பாகம் சிலிண்டர் ஹெட். அது தேய்ந்தால் வேலை பார்த்துப் போடுவதா, மாற்றிவிடுவதா என்ற பாடத்துக்குச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். மாற்றுவதில் சிக்கல் இல்லை, 'மாற்றீடு' போதும். பட்டறைகளில் ரீகண்டிஷன் என்கிறார்களே, அதற்கு இதுவரை வந்த மூன்று சொல்லும் எனக்கு ஒப்பவில்லை.

'மறுகட்டமைப்பு' கடனுக்கும் கம்பெனிக்கும் போய் ஒட்டிக்கொண்ட சொல். 'பழுதுபார்த்தல்' பொத்தாம் பொதுவானது. கழன்ற நட்டை முடுக்கினாலும் பழுதுபார்த்தல்தான். பயமாக இருப்பது 'புதுப்பித்தல்'. சென்னையில் வண்டி உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்கோ ஜி.பி. ரோட்டுக்கோ ஹெட் தேடிப் போகிறவர் முன்னால் மூன்று வகை இருக்கும்: பெட்டி பிரிக்காத புதுசு, பழைய வண்டியில் கழற்றியது, லேத்தில் வேலை பார்த்து வைத்தது. மூன்றுக்கும் விலை வேறு, ஆயுளும் வேறு. பில்லில் 'புதுப்பித்த ஹெட்' என்று எழுதினால் வாங்குபவர் காதில் 'புதுசு' மட்டும்தான் விழும். ஏமாற்ற இடம் கொடுக்கும் சொல்லை நாமே பாடப்புத்தகத்தில் ஏற்றக் கூடாது.

அந்த வேலையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கழுவிய ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, அடிமுகத்தின் மேல் நேர்ச்சட்டத்தை நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை என்று வைத்து, இடையில் ஃபீலர் கேஜின், அதாவது கனம் குறித்த மெல்லிய தகடுகளின் கட்டின், தகட்டை நுழைத்துப் பார்ப்பார்கள். பல கார் எஞ்சின்களுக்கு 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான் வளைவு அனுமதி. நாம் அச்செடுக்கும் தாளின் கனமே ஏறக்குறைய 0.1 மி.மீ. அனுமதித்ததைவிடக் கனமான தகடு நுழைந்தால் ஃபேஸிங், அதாவது அடிமுகத்தை இழைத்துச் சமமாக்குவது. அப்புறம் வால்வின் தண்டு ஓடும் குழலான வால்வு கைடில் ஆட்டம் இருந்தால் புது கைடு அடித்து, வால்வு உட்காரும் சீட்டைப் பெரும்பாலும் 45 பாகையில் வெட்டி, பேஸ்ட் தடவி வால்வை அரைத்து, காற்றும் புகையும் போகும் வழியான போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். எல்லாப் படியிலும் கேள்வி ஒன்றுதான்: தயாரித்தவர் சொன்ன அளவுக்குள் திரும்ப வந்துவிட்டதா?

அதனால் என் பரிந்துரை 'அளவுமீட்பு'. 'அளவுக்குக் கொண்டு வந்தாச்சு சார்' என்று லேத்துக்காரர்கள் சொல்வதும் இதைத்தான். 'அளவு மீட்டார்', 'அளவுமீட்ட ஹெட்' என்று வினையாகவும் அடையாகவும் தடையில்லாமல் நடக்கிறது. 'அளவுமீட்ட ஹெட்' என்று பில் போட்டால் யாரும் அதைப் புதுசு என்று நினைக்க மாட்டார்கள்.

எப்போது மாற்றியே ஆக வேண்டும் என்பதற்கும் இந்தச் சொல்லிலேயே விடை இருக்கிறது: அளவை மீட்க முடியாதபோது. ஒவ்வொரு ஃபேஸிங்கிலும் கொஞ்சம் உலோகம் போகிறது. உயரம் குறையக் குறைய எரியறை சுருங்கி அமுக்க விகிதம் ஏறும். டீசல் எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் மோதும் அளவுக்கு இடைவெளி குறைந்துவிடக்கூடும். சில டீசல் ஹெட்டுகளை ஃபேஸிங் செய்யவே கூடாது என்று கையேடு சொல்வது அதனால்தான். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் மேலே உட்காரும் அலுமினிய ஹெட் சூடேறி வளைந்திருந்தால் இன்னும் மோசம். அடியை இழைத்தால் அடி நேராகிவிடும், கேம் உட்காரும் துளைகள் வளைந்தபடியே இருக்கும். அப்படியே பூட்டினால் ஷாஃப்ட் பிடித்துக்கொள்ளும். நேர்ச்சட்டத்தை அடியில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு 'சரியாயிடுச்சு' என்று சொல்லும் பழக்கத்தைப் பாடம் கண்டிப்பாகத் திருத்த வேண்டும்.

அதிகமாகச் சூடேறிய அலுமினியம் மெத்தென்று ஆகிவிடுமே, அதற்கு 'அளவு' எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் கேட்டிருந்தார். பொருந்தும். கடினத்தன்மையையும் பிரினெல் எண்ணில் அளக்கத்தானே செய்கிறோம்? அந்த எண் விழுந்துவிட்ட ஹெட் எவ்வளவு நேராக இருந்தாலும், அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை இறுக்கிப் பிடிக்காது. மாற்றீடுதான் வழி.

வால்வு சீட்டுகளுக்கு நடுவே விட்ட வெடிப்பைப் பற்றவைப்பது அளவுமீட்பில் சேராது, அது பழுதுபார்த்தல். பற்றவைத்த பிறகு முகத்தை இழைத்து, சீட்டை வெட்டி, நீர்ப்பாதைகளை அடைத்துக் காற்றழுத்தம் ஏற்றி, தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது வரை உள்ள வேலை அளவுமீட்பு. இரண்டையும் தனித்தனியாகவே வைப்போம்.

சிலிண்டர் ஹெட்டுக்கு 'உருளைத்தலை' என்பதில் எனக்கு மறுப்பில்லை. தலைப்பில் ஒருமுறை கொடுத்துவிட்டு, உள்ளே 'ஹெட்' என்றே போகலாம். அம்பத்தூரில் பட்டறைக்குப் பயிற்சிக்குப் போகிற பிள்ளை முதல் நாளே கேட்கப்போவது அந்தச் சொல்லைத்தான். ஃபேஸிங்குக்கு வந்த இரண்டில் 'முகம் சீவல்' வேண்டாம், 'முகம் இழைத்தல்' இருக்கட்டும். பலகையைச் சமமாக்கத் தச்சர்கள் இன்றும் சொல்லும் சொல் அது.

சீட் கட்டிங்குக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. லேத் வேலை தெரிந்தவர்கள் குழுவில் இருந்தால், அவர்கள் பேச்சில் அதற்கு ஏதாவது வழங்குகிறதா என்று சொல்லுங்கள்.